மாமா வீட்டு ஓடையும் 470 வாட்டும்

போன எபிசோட்ல, "ஊர்ல ஒரு சின்ன டர்பைன் வெச்சிருக்கேன், அதைப் பத்தி ஒருநாள் பேசறேன்"னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ் எல்லாம் பார்த்தா, அந்த எபிசோட்ல நான் உருப்படியா பேசின விஷயத்தை யாருமே கேக்கலை போல. எல்லாரும் டர்பைன் கதையைத்தான் கேக்கறீங்க. சரி, இன்னைக்கு அதுதான்.

முதல்லயே ஒரு விஷயம். இது வெற்றிக் கதை மாதிரி ஆரம்பிக்கும். நடுவுல ஒரு கண்ட்ரோலர் புகைஞ்சு போகும், ஒரு பைப் வெடிக்கும், பக்கத்து வீட்டு அக்கா காலிக் குடத்தோட வந்து நிப்பாங்க. அந்த மூணுக்கும் காரணம் நான்தான்.

எதுக்காக இதை ஆரம்பிச்சேன்?

என் மாமா, அதாவது அம்மாவோட தம்பி, கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வெச்சிருக்கார். பாட்டியும் அவரோடதான் இருக்காங்க. பாட்டிக்கு ஆஸ்துமா. பனிக்காலம், மழைக்காலம் வந்தா நெபுலைசர் இல்லாம ராத்திரி ஓடாது. அதே மழைக்காலத்துலதான் மரம் விழுந்து கரண்ட்டும் போகும். ஒருநாள் போகும், சில சமயம் மூணு நாள் கூட போகும். வடகிழக்குப் பருவமழை அந்தச் சரிவுல எப்படி அடிக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 2009 நவம்பர்ல நீலகிரில நடந்த மண்சரிவை அங்க இருக்கிறவங்க இன்னும் தேதி சொல்லிப் பேசுவாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பைக்காரா மின்நிலையம் 1932ல ஓட ஆரம்பிச்சது. கிட்டத்தட்ட 3000 அடி உயரத்துல இருந்து தண்ணி கீழ சிங்காராவுக்கு விழுது. அப்புறம் கனடா உதவியோட குந்தா திட்டம் வந்தது. சமவெளில மில் ஓடினதுக்கும் விளக்கு எரிஞ்சதுக்கும் இந்த மலைத் தண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா மழை பேஞ்சா முதல்ல இருட்டாகறது இந்த மலை வீடுகள்தான். மாமா வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓடை சலசலன்னு ஓடிட்டே இருக்கும். "இவ்வளவு தண்ணி சும்மா போகுதே"ன்னு ஒரு இன்ஜினியர் மூளைக்குத் தோணும்ல, அது எனக்கும் தோணுச்சு.

சோலார் ஏன் இல்லைன்னு கேப்பீங்க. எங்களுக்குக் கரண்ட் வேணும்னா அது மழை நாள்ல வேணும். மூணு நாள் மேகமும் பனியுமா மூடியிருக்கும்போது பேனல் கையை விரிச்சிடும். ஓடை அதுக்கு நேர் எதிர். மழை கொட்டினாத்தான் அது நல்லா ஓடும். 5 கிலோவாட்டுக்குக் கீழ இருக்கிற இந்த மாதிரி யூனிட்டை பிக்கோ ஹைட்ரோன்னு சொல்லுவாங்க. இடுக்கி பக்கம் விவசாயிகள் நிறைய பேர் வெச்சிருக்காங்க, இலங்கை மலைப் பகுதிகள்ல கிராமமே சேர்ந்து வெச்சு நடத்தறாங்க. நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை.

கணக்கு

கணக்கு ரொம்ப எளிது. ரெண்டே எண் வேணும். தண்ணி எவ்வளவு உயரத்துல இருந்து விழுது, ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர் வருது. உயரம் மீட்டர்ல, ஓட்டம் லிட்டர்ல. ரெண்டையும் பெருக்கி, 9.81ஆல பெருக்கினா வாட் வரும். அது தண்ணிக்குள்ள இருக்கிற சக்தி. நம்ம கைக்கு வர்றது அதுல பாதி. இந்த "பாதி"யை மறந்துடாதீங்க. நான் மறந்தேன்.

உயரத்தை அளக்க ஃபோன் ஆப்பை நம்பாதீங்க. பத்து மீட்டர் முன்னப்பின்ன காட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் இருக்கில்ல, தண்ணி ஊத்தின கண்ணாடி டியூப், அதை வெச்சு நானும் மாமாவும் படிப்படியா இறங்கி அளந்தோம். 24 மீட்டர். ஓட்டத்துக்கு 200 லிட்டர் நீல டிரம். தண்ணி முழுசையும் அதுக்குள்ள திருப்பி விட்டு ஸ்டாப்வாட்ச் பார்த்தோம். 25 வினாடில நிரம்பிடுச்சு. வினாடிக்கு 8 லிட்டர்.

நான் அங்கேயே உக்காந்து லேப்டாப்ல ஷீட் போட்டேன். பாதி தண்ணி, 4.5 லிட்டர் எடுத்தாலே 1000 வாட்டுக்கு மேல வருதுன்னு காட்டுச்சு. எஃபிஷியன்சி காலத்துல நூறு சதவீதம்னு இருந்ததை நான் கவனிக்கலை. மாமா கவனிச்சது வேற விஷயம். "மாப்ள, இது அக்டோபர் தண்ணி. தை மாசத்துல வந்து அளந்து பாரு"ன்னார். "பார்த்துக்கலாம் மாமா"ன்னேன்.

பொருத்தினோம்

டர்பைன் பெல்டன் வகை. லெஸ்டர் பெல்டன்னு ஒருத்தர், கலிபோர்னியா தங்கச் சுரங்கப் பகுதில வேலை பார்த்தவர், 1880ல காப்புரிமை வாங்கின டிசைன். ஒரு சக்கரத்தைச் சுத்தி ரெட்டைக் கிண்ணம் மாதிரி வரிசையா இருக்கும். ரெண்டு கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு கூர்மையான வரப்பு. நாசில்ல இருந்து பீய்ச்சியடிக்கிற தண்ணி சரியா அந்த வரப்புல பட்டு ரெண்டா பிரிஞ்சு, திரும்பி வெளிய போகணும். தண்ணி குறைவு, உயரம் அதிகம்னா இதுதான் சரியான ஆள். எங்களுக்கு ரெண்டு நாசில், ஒவ்வொண்ணும் 12 மில்லிமீட்டர் துளை. அதோட ஒரு காந்த ஜெனரேட்டர், டிசியா மாத்த ரெக்டிஃபையர், சார்ஜ் கண்ட்ரோலர், நாலு டியூபுலர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர்.

ஒரு முக்கியமான விஷயம். இதை மின்வாரிய லைனோட கலக்கவே கூடாது. கரண்ட் போயிருக்குன்னு நம்பி கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேன் பக்கமா நம்ம வீட்டுக் கரண்ட் திரும்பிப் போனா, அது ஒரு உயிர். அதனால லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வெச்சு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டோம். ஒண்ணு அது, இல்லைன்னா இது. ரெண்டும் சேராது.

பைப் விஷயத்துல சிக்கனம் பார்த்தேன். மாமாகிட்ட தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சின பழைய ரெண்டு இன்ச் பைப் கிடந்தது. நாலு கேஜி பைப். தண்ணி பிடிக்கிற இடத்துல இருந்து டர்பைன் கொட்டாய் வரைக்கும் 110 மீட்டர். "இதுவே போதும் மாமா"ன்னு நான்தான் சொன்னேன்.

முதல் டெஸ்ட்

பொங்கல் லீவுல போய் ஓட விட்டோம். வால்வைத் திறந்ததும் தண்ணி பீய்ச்சியடிச்ச சத்தம், சக்கரம் சுத்தின ரீங்காரம், பாட்டி வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தாங்க. எல்லாம் சினிமா மாதிரி இருந்தது, மீட்டரைப் பார்க்கிற வரைக்கும்.

210 வாட்.

ஆயிரம்னு சொன்னவன் நான். மாமா ஒண்ணும் சொல்லலை, டீ போடப் போயிட்டார்.

அன்னைக்கு எனக்குக் கை கொடுத்தது ஆபீஸ்ல தினமும் பண்ற வேலைதான். பக் வந்தா எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தக் கூடாது. ஒண்ணை மாத்து, அளந்து பாரு, எழுதி வை. நோட்டை எடுத்தேன்.

முதல்ல பிரஷர். டர்பைனுக்கு முன்னாடி ஒரு பிரஷர் மீட்டர் வெச்சிருந்தோம். வால்வு மூடியிருக்கும்போது 2.3 பார். 24 மீட்டருக்கு அது சரியான அளவு. திறந்து ஓட விட்டா 1.8 பார். அந்த அரை பார் எங்க போச்சு? பைப்போட உரசல்ல போச்சு. குறுகலான பைப்புல தண்ணி வேகமா ஓடும்போது, கிடைக்கிற உயரத்துல கிட்டத்தட்ட 5 மீட்டரை அந்த ஓசி பைப்பே தின்னுடுது. ஆனா அதுக்கப்புறமும் கணக்குப்படி 300க்கு மேல வரணும். மீதி எங்கே?

டர்பைன் மூடியைக் கழட்டி, நாசில்ல ஒரு நேரான கம்பியைச் சொருகிப் பார்த்தேன். கம்பி கிண்ணத்தோட நடு வரப்புல படலை. நாலஞ்சு மில்லிமீட்டர் தள்ளி, ஒரு பக்கக் கிண்ணத்துக்குள்ள போய் இடிச்சுது. தண்ணி ரெண்டா பிரியாம ஒரே பக்கமா சிதறியிருக்கு. ஜெனரேட்டர் அடியில ரெண்டு வாஷர் போட்டு உசத்தினோம். மறுபடி ஓட விட்டோம். 350 வாட்.

ரெண்டு வாஷருக்கு 140 வாட். என் வாழ்க்கையில இவ்வளவு மலிவா எந்த ஆப்டிமைசேஷனும் பண்ணதில்லை.

நான் பண்ணின தப்பு

ரெண்டாம் நாள். பேட்டரி டெர்மினல்ல ஒரு நட் லூசா இருந்தது. டைட் பண்ணணும்னா முதல்ல கரண்டை ஆஃப் பண்ணணும்ல? பேட்டரிக்குப் போற எம்சிபியை இறக்கினேன்.

சோலார்ல இப்படிப் பண்ணினா ஒண்ணும் ஆகாது, பேனல் சும்மா வெயில்ல கிடக்கும். தண்ணி அப்படி இல்லை. தண்ணி தள்ளிட்டே இருக்கும். சக்கரத்தை ஒரு அளவான வேகத்துல பிடிச்சு வெச்சிருந்ததே பேட்டரி இழுத்துக்கிட்டிருந்த கரண்ட்தான். அந்தப் பிடியை நான் விட்டுட்டேன். ரீங்காரம் விசிலாச்சு, விசில் அலறலாச்சு. வழக்கமா 54 வோல்ட் காட்டற மீட்டர் 118ன்னு காட்டுச்சு. உடனே அணைஞ்சுது. கண்ட்ரோலர்ல இருந்து அந்த வாசனை வந்தது. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனவங்களுக்கு அந்த வாசனை தெரியும்.

பதறிப்போய் ஓடினேன். பால் வால்வு, கால் திருப்பு திருப்பினா மூடிடும். பட்டுன்னு மூடினேன். அது ரெண்டாவது தப்பு.

110 மீட்டர் நீளத்துக்குப் பைப்புக்குள்ள ஓடிட்டு வர்ற தண்ணி, ஒரு ரயில் மாதிரி. முன்னாடி சுவரை வெச்சா பின்னாடி பெட்டியெல்லாம் வந்து மோதும். இதைத்தான் வாட்டர் ஹாமர்னு சொல்லுவாங்க. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை வினாடிக்குள்ள மூடினா, ஏற்கெனவே இருக்கிற 2.3 பாருக்கு மேல இன்னும் அஞ்சாறு பார் ஏறும். பைப்போ நாலு கேஜி. மேட்டுல ஒரு ஜாயிண்ட் பட்டாசு மாதிரி வெடிச்சு, தண்ணி தேயிலைச் செடிக்கு மேல நீரூற்று மாதிரி அடிச்சுது.

மாமா மெதுவா நடந்து வந்தார். "யாருக்கும் அடி படலைல்ல?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் மேல போய் தண்ணியைத் திருப்பி விட்டார்.

இதுல இருந்து எங்க கொட்டாய்ச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்ச விதி: நிறுத்தறதுன்னா முதல்ல தண்ணி, அதுவும் மெதுவா. அப்புறம்தான் கரண்ட். இப்போ அங்க இருக்கிறது கேட் வால்வு. பத்துப் பதினைஞ்சு சுத்து சுத்தினாத்தான் மூடும். அவசரப்பட நினைச்சாலும் முடியாது. கூடவே ஒரு டம்ப் லோடும் போட்டோம். பேட்டரி நிரம்பிட்டாலும் சக்கரத்துக்குப் பிடி வேணும்ல? அதனால மிச்சக் கரண்ட் ஒரு ஹீட்டர் காயிலுக்குப் போய் தண்ணியைச் சுட வைக்குது. பாட்டிக்குக் குளிக்க வெந்நீர். வீட்டுல எல்லாருக்கும் பிடிச்ச பாகம் அதுதான், டர்பைன் கூட இல்லை.

காலிக் குடம்

ஆனா அந்த ரெண்டு நாள்ல நடந்த பெரிய தப்பு கண்ட்ரோலரும் இல்லை, பைப்பும் இல்லை.

பைப்பை ஒட்டி மறுபடி ஓட விட்ட அன்னைக்குச் சாயங்காலம், கீழ் வீட்டு அக்கா ஏறி வந்தாங்க. கையில காலிக் குடம். மாமாவைப் பார்த்து, "அண்ணா, மேல ஏதும் அடைச்சிருக்கா? ரெண்டு நாளா ஓஸ்ல தண்ணி வரலையே"ன்னாங்க.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நாம தண்ணியைக் குடிக்கறதில்லை, டர்பைன்ல விட்டுட்டு திரும்பவும் ஓடையிலேயே சேர்த்துடறோம், யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன். அது உண்மைதான், டர்பைனுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு. ஆனா நாங்க தண்ணி எடுக்கிற இடத்துக்கும் திரும்ப விடற இடத்துக்கும் நடுவுல அந்த 110 மீட்டர் இருக்கே? அந்த அக்காவோட ஓஸ் போடற சின்னக் குட்டை அங்கதான் இருக்கு. தை மாசம் ஓடையில வந்ததே வினாடிக்கு 5 லிட்டர் கூட இல்லை. அதுல 4 லிட்டருக்கு மேல நான் எடுத்துட்டேன். மாமா சொன்ன தை மாசக் கணக்கு இதுதான்.

என் ஷீட்ல அந்த அக்காவுக்கு ஒரு காலம் இல்லை.

மாமா உடனே ஒரு நாசிலை அடைச்சார். கரண்ட் கிட்டத்தட்ட பாதியாச்சு. அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அவங்க குடத்தை நானே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் தடுப்பை மாத்திக் கட்டினோம். முன்னாடி, எங்க பைப் வாய் கீழயும், மிச்சத் தண்ணி வழியற இடம் மேலயும் இருந்தது. அதாவது முதல் பங்கு எங்களுக்கு, மீந்தா ஓடைக்கு. அதைத் தலைகீழா மாத்தினோம். தடுப்புல ஒரு அளவான வெட்டு, எங்க பைப் வாயைவிடத் தாழ்வா. தண்ணி குறைஞ்சா முதல்ல நிக்கறது எங்க டர்பைன். ஓடையோட பங்கு நிக்காது. யாரும் ஞாபகம் வெச்சு வால்வைத் திருப்ப வேண்டாம், யாரோட நல்ல மனசையும் நம்பி இருக்க வேண்டாம். கல்லும் சிமெண்ட்டும் பார்த்துக்கும்.

நீங்க யாராவது இதைப் பண்ணப் போறீங்கன்னா, ஓடை உங்க பட்டா வழியா போனாலும் தண்ணி உங்க சொத்து இல்லை. உள்ளாட்சில கேளுங்க. வனத்துறை நிலம் பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட எழுத்துல கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, ஓடையோரமா ஒருநாள் கீழ வரைக்கும் நடந்து போய், யார் யார் எங்க தண்ணி எடுக்கறாங்கன்னு பாருங்க. நான் கடைசியா பண்ணினதை நீங்க முதல்ல பண்ணுங்க.

மழை ராத்திரி

அடுத்த மழைக்கு முன்னாடி மூணு இன்ச் பைப் வாங்கிப் போட்டேன். அக்டோபர்ல ஓடை நிறைஞ்சதும் ரெண்டு நாசிலும் திறந்தோம். ஓடும்போதே 2.2 பார் நின்னுது. மீட்டர்ல 470 வாட். கேக்கறதுக்குச் சின்ன நம்பர். ஆனா இது ராத்திரி பகல்னு பார்க்காம ஓடும். ஒரு நாளைக்கு 11 யூனிட். ஒரு கிலோவாட் சோலார், நல்ல வெயில்லயே ஒரு நாளைக்கு நாலு யூனிட்தான் கொடுக்கும்.

நவம்பர்ல ஒரு மரம் விழுந்து மூணு நாள் கரண்ட் இல்லை. அந்த மூணு நாளும் வீட்டுல லைட் எரிஞ்சுது, நெபுலைசர் ஓடுச்சு, அக்கம்பக்கத்துல எல்லாரும் ஃபோன் சார்ஜ் போட்டாங்க. இதை மாமா ஃபோன்ல சொன்னப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அப்புறம் சாதாரணமா ஒண்ணு சொன்னார். "ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுபோச்சு மாப்ள. இலை அடைச்சுக்கிச்சு. டார்ச் எடுத்துட்டுப் போய் எடுத்து விட்டுட்டு வந்தேன்."

ரெண்டு மணி. கொட்டற மழை. வழுக்கற சரிவு. ராத்திரில காட்டெருமை இறங்கற இடம் அது. அவருக்கு மூட்டு வலி வேற. நான் சென்னையில ஏசி போட்டுத் தூங்கிட்டிருந்திருக்கேன். அன்னைக்கு அவர் கீழ விழுந்திருந்தா? நான் பரிசுன்னு நினைச்சுக் கொடுத்தது, அவருக்கு ஒரு நைட் டூட்டி ஆயிடுச்சு.

அடுத்த வாரமே லீவு போட்டுட்டுப் போனேன். செங்குத்தா வெச்சிருந்த வலையை எடுத்துட்டு, சாய்வா ஒரு ஸ்டீல் வலை வெச்சோம். தண்ணி வலை வழியா கீழ இறங்கும், இலை சறுக்கிட்டு வெளிய போயிடும். இப்போ வாரத்துக்கு ஒருதரம் பகல்ல பார்த்தா போதும். பேட்டரியும் ஒரு ராத்திரி தாங்கும், அதனால நின்னா நிக்கட்டும், விடிஞ்சு பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணினோம். இதையெல்லாம் முதல்லயே அவர்கிட்ட உக்காந்து பேசியிருக்கணும்.

நான் ஒரு சென்சார் போட்டு ஃபோனுக்கு அலர்ட் அனுப்பலாம்னு பிளான் வெச்சிருந்தேன். மழைல டவரும் போயிடும்னு மாமா ஞாபகப்படுத்தினார். அதனால பாட்டி கட்டில் பக்கத்துல ஒரு சின்ன பச்சை பல்பு. டர்பைன் சுத்தற வரைக்கும் எரியும். எப்படியும் பாட்டிக்குப் பாதி ராத்திரி தூக்கம் வராது.

கடைசியா, பணம்

"லாபமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பில் கணக்குப் பார்த்தா இல்லை. வீடுகளுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசமா கிடைக்கிற ஊர்ல, சிக்கனமான ஒரு சின்ன வீட்டுக்கு இதைக் காசுக்காகப் பண்ண வேண்டாம். மாசி, பங்குனி, சித்திரைல எங்க டர்பைன் சும்மாதான் நிக்கும். ஓடையில வர்றது ஓடைக்கே சரியாப் போயிடும். கரண்ட் போற மாசமும் தண்ணி வர்ற மாசமும் ஒண்ணா இருக்கிறதாலதான் எங்களுக்கு இது பொருந்துது. உங்க இடத்துல பொருந்துமான்னு தெரியணும்னா ஒரு டிரம், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு வருஷப் பொறுமை வேணும். கோடைல கண்டிப்பா அளந்து பாருங்க.

போன வாரம் பாட்டிகிட்ட ஃபோன்ல பேசினேன். "பச்சை லைட் எரியுதா பாட்டி?"ன்னு கேட்டேன். "இல்லடா, அணைஞ்சு நாலு நாள் ஆச்சு. கீழ அவ வீட்டுல தண்ணி வருதாம், அது போதும்"னாங்க.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். உங்க ஊர்ல இந்த மாதிரி யாராவது ஓடையில, வாய்க்கால்ல ஏதாவது ஓட்டிட்டிருந்தா எனக்கு எழுதுங்க. என்ன தப்பு நடந்ததுன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.